இன்வெர்ட்டர் வாங்கும்போது வாரண்டி வருடத்தைப் பார்ப்பதா, சர்வீஸ் தூரத்தைப் பார்ப்பதா?

பேனல் தரும் டிசி கரண்டை வீட்டுக்கான ஏசி ஆக்கும் பெட்டிதான் சோலார் இன்வெர்ட்டர். விலைப்பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் நேரே ஓர் எண் இருக்கும். 5 வருடம், 8 வருடம், 10 வருடம். பார்ட்டி, அதாவது சோலார் போடும் வீட்டுக்காரர், முதலில் கேட்பது அதைத்தான். டீலர் அழுத்திச் சொல்வதும் அதைத்தான். பொருள் கெட்டுப்போன அன்றைக்கு வீட்டு வாசலில் பதில் சொல்லி நிற்பது மட்டும் மாட்டிக்கொடுத்த நாம்.

வீட்டுக் கூரையில் சோலார் போட மானியம் தரும் பிரதமரின் சூரிய வீடு திட்டம் 2024 பிப்ரவரியில் வந்த பிறகு இந்தச் சிக்கல் இன்னும் இறுகிவிட்டது. 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். அந்த மானியத்தோடு ஒரு நிபந்தனையும் வருகிறது: போட்டுக்கொடுத்த வெண்டர் 5 வருடம் இலவசமாகப் பராமரித்துத் தர வேண்டும். கம்பெனி எத்தனை நாள் இழுத்தடித்தாலும் பார்ட்டியோடு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது நாம்தான். பேனலில் நமக்குத் தேர்வு குறைவு; மானிய வேலைக்கு செல்லும் பேனலும் இந்தியாவிலேயே செய்ததாக இருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. சீனம், ஐரோப்பா, நம்மூர் என்று கடை நிறைய இருக்கிறது. அதனால் யோசித்து எடுக்க வேண்டிய இடமும் அதுதான். சோலார் அமைப்பில் இருக்கும் சாமான்களில் அதிகம் கெடுவதும் அதுதான்.

திருநெல்வேலி, தூத்துக்குடி, கன்னியாகுமரி பக்கம் 3 முதல் 10 கிலோவாட் வரையிலான வீட்டு வேலைகளை எடுத்துச் செய்யும் சிறிய ஆட்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கம்பெனிகளின் சர்வீஸ் சென்டர்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. நெல்லையிலிருந்து சென்னையே 600 கிலோமீட்டருக்கு மேல். கோயம்புத்தூர்க்காரருக்குக் கணக்கு கொஞ்சம் மாறும்.

அட்டைக்குப் பின்பக்கம்

சந்தையில் இருக்கும் நான்கு விதமான இன்வெர்ட்டர்களையும் ஒப்பிடுவதற்கு முன்னால், வாரண்டி பத்திரத்தில் எதைத் தேடிப் படிக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானோர் அதைத் திறந்தே பார்ப்பதில்லை.

முதலாவது, வாரண்டி எப்போது ஆரம்பிக்கிறது? மாட்டிய நாள் என்றுதான் நாம் நினைப்போம். பல கம்பெனிகளில், மாட்டிய நாள் அல்லது ஃபேக்டரியிலிருந்து கிளம்பி ஆறு மாதம், இவற்றில் எது முந்தியதோ அது. டிஸ்ட்ரிபியூட்டர் கோடவுனில் ஒரு வருடம் கிடந்த சரக்கைத் தள்ளுபடியில் எடுத்தால், 5 வருடத்தில் ஆறு மாதம் பெட்டிக்குள்ளேயே போயிருக்கும். சீரியல் நம்பரில் தயாரித்த வாரமும் வருடமும் ஒளிந்திருக்கும். எப்படிப் படிப்பது என்று டீலரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் அதுவே ஒரு தகவல்தான்.

இரண்டாவது, கூலி. வாரண்டி பொருளுக்கு மட்டும்தான். கழற்றுவது, பேக் செய்வது, அனுப்புவது, புதியதை மாட்டுவது, ஆப்பில் மறுபடி வைஃபை சேர்த்துக் கொடுப்பது என்று எதற்கும் பெரும்பாலான கம்பெனிகள் காசு தருவதில்லை. மூன்றாவது, மாற்றிக் கொடுக்கும் பொருள் புதியதாக இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்காது. வேறொருவர் அனுப்பியதைச் சரிசெய்து நமக்குத் தரலாம். அதற்குத் தனி வாரண்டியும் கிடையாது. பழையதில் மிச்சமிருக்கும் காலம்தான். நான்காவது, 8 வருடம், 10 வருடம் என்பது பல இடங்களில் தானாக வருவதில்லை. மாட்டிய சில மாதங்களுக்குள் கம்பெனி போர்ட்டலில் சீரியல் நம்பரைப் பதிவு செய்தால்தான் 5 என்பது 8 ஆகும். பதிவு செய்யாமல் விட்டுவிட்டு ஆறாவது வருடம் போய் நின்றால், கையை விரித்துவிடுவார்கள்.

கடைசியாக, விலக்குகள். இடி, மின்னல், வெள்ளம் எல்லாம் புரிகிறது. 'கிரிட் கோளாறு', அதாவது மின்வாரிய லைனில் வரும் கோளாறு, என்று ஒரு வார்த்தை இருக்கிறதே, அதில்தான் நம் பிழைப்பு மாட்டிக்கொள்கிறது.

நியூட்ரல் போன வீடு

இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். காற்றடித்து மரம் விழுந்து, தெரு லைனில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்துவிட்டது என்று வையுங்கள். 230 வோல்ட் இருக்க வேண்டிய ஒரு ஃபேஸில் 350, 380 என்று ஏறிவிடும். வீட்டில் டிவி, ஃபிரிட்ஜ் ஸ்டெபிலைசரோடு இன்வெர்ட்டரும் போகும். திறந்து பார்த்தால் ஏசி பக்கத்தில் அதிக வோல்டேஜைத் தடுக்கும் வாரிஸ்டர் வெடித்து, போர்டில் கரித் தடம் பரவியிருக்கும். ஒரு கருகல் வாடை ரொம்ப நாளைக்குப் போகாது.

எங்கள் பக்கம் ஒரு கிராமத்தில் இப்படி நடந்தபோது, கம்பெனி கேட்டது இவ்வளவு: சீரியல் நம்பர் போட்டோ, பில், நெட் மீட்டர் போட்ட நாள், பிழைக் குறியீட்டின் ஸ்கிரீன்ஷாட், டிசி வோல்டேஜை மீட்டரில் அளக்கும் வீடியோ, ஏசி வோல்டேஜ் வீடியோ, எர்த்துக்கும் நியூட்ரலுக்கும் நடுவே உள்ள வோல்டேஜ் வீடியோ, சர்ஜ் அரெஸ்டர் (திடீரெனப் பாயும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் கருவி) போட்டோ. ஸ்கிரீனே எரியாத இன்வெர்ட்டரில் பிழைக் குறியீட்டுக்கு எங்கே போவது? எல்லாம் அனுப்பிய பிறகு வேறொருவர் கூப்பிட்டு, அதே பட்டியலை முதலிலிருந்து கேட்டார். கடைசியில் வந்த பதில், 'கிரிட் சர்ஜ், வாரண்டியில் வராது, போர்டு மாற்றக் கட்டணம் உண்டு.'

அவர்கள் சொன்னது பத்திரப்படி சரிதான், அதை மறுக்க முடியாது. ஆனால் பார்ட்டிக்கு அந்தப் பத்திரம் தெரியாது. 'பத்து வருஷம்னு சொன்னீங்களே' என்பதுதான் அவருக்குத் தெரிந்தது. மின்வாரியத்தைக் கேட்டால் தெரு லைனை ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கம்பெனிக்கும் வாரியத்துக்கும் நடுவே மாட்டிக்கொண்டது போட்டவர்தான்.

இன்னொன்றும் இதே ரகம். ஒரே டிரான்ஸ்ஃபார்மரில் நான்கைந்து வீடுகள் சோலார் போட்டுவிட்டால், மதியம் லைன் வோல்டேஜ் 255, 260 என்று ஏறி, இன்வெர்ட்டர் தானாக டிரிப் ஆகிவிடும். அது பழுதே இல்லை. இன்வெர்ட்டர் தன் வேலையைத்தான் செய்கிறது. ஆனால் கம்ப்ளெய்ண்ட் நமக்கு வரும், வண்டி நாம் எடுக்க வேண்டும். வோல்டேஜைக் குறைக்க டிரான்ஸ்ஃபார்மர் டேப் மாற்றச் சொல்லி ஈபி ஆபீசுக்கு நடப்பதும் நாம்தான்.

ஒரு தோராயக் கணக்கு. 3 கிலோவாட் அமைப்பு நாளைக்குச் சுமார் 12 யூனிட் தரும். இன்வெர்ட்டர் போய் 40 நாள் நின்றால் 480 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 3,800 ரூபாய்க்கு மேல் பார்ட்டிக்கு நஷ்டம். நமக்கு இரண்டு தடவை வண்டி, இரண்டு ஆள் கூலி, கூரியர் எல்லாம் சேர்த்து 4,000, 5,000 போய்விடும். விலையில் 3,000 ரூபாய் குறைவு என்று எடுத்த இன்வெர்ட்டர் இப்போது யாருக்கு லாபம்?

முதல் வழி: பெட்டிக்குப் பெட்டி மாற்றும் சீன வகை

சந்தையில் அதிகம் ஓடுவது இதுதான். விலை குறைவு, எடை குறைவு, ஆப் நன்றாக இருக்கும். பழுது பார்ப்பது என்ற பேச்சே இல்லை. கெட்டுப்போனதை வாங்கிக்கொண்டு வேறொன்று கொடுத்துவிடுவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. நடப்பில், மாற்றுப் பெட்டி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும்.

டிஸ்ட்ரிபியூட்டர் மதுரையில் சரக்கு வைத்திருந்து, 'பழையதைக் கொண்டு வா, புதியதை எடுத்துட்டுப் போ, கம்பெனியோட நான் பார்த்துக்கறேன்' என்றால், இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. காலையில் போய் மாலைக்குள் மாட்டிவிடலாம். அதே பிராண்டை வேறொரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் எடுத்தால், பழையது சென்னைக்குப் போய், சோதித்து, ஒப்புதல் வந்து, அப்புறம்தான் மாற்றுப் பெட்டி கிளம்பும். பிராண்ட் ஒன்று, அனுபவம் இரண்டு. ஆக, இந்த வகையில் நாம் தேர்ந்தெடுப்பது பிராண்டை அல்ல, டிஸ்ட்ரிபியூட்டரை.

மாடல் மாறுவதும் ஒரு தொல்லை. இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாடலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். மாற்றாக வரும் பெட்டிக்குச் சுவரில் துளை இடம் மாறும், கனெக்டர் மாறும், வைஃபை ஸ்டிக் மாறும். சின்ன விஷயம்தான், ஆனால் ஒவ்வொன்றும் அரை நாள். இன்வெர்ட்டர் மாறினால் சீரியல் நம்பரும் மாறுகிறது. மின்வாரியக் கோப்பிலும் திட்ட போர்ட்டலிலும் பழைய நம்பர்தான் இருக்கும். ஆகவே மாற்றியதற்கான கடிதத்தைக் கம்பெனியிடம் வாங்கி பார்ட்டியின் கோப்பில் வைத்துவிடுங்கள்.

இரண்டாவது: போர்டு மாற்றும் ஐரோப்பிய வகை

விலை இரண்டு மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். பெட்டியைக் கழற்றாமல் உள்ளே இருக்கும் போர்டை மட்டும் மாற்றும்படி செய்திருப்பார்கள். சில கம்பெனிகள் நம்மைப் போன்றவர்களுக்கே பயிற்சி கொடுத்து, போர்டு மாற்ற அனுமதிப்பதும் உண்டு. பேசுகிற ஆளுக்கு விஷயம் தெரிந்திருக்கும். பிழைக் குறியீட்டைச் சொன்னாலே, எங்கே கை வைக்க வேண்டும் என்று சொல்லிவிடுவார். இந்த ஒன்றுக்காகவே எனக்கு இந்த வகை பிடிக்கும்.

ஆனால் 3 கிலோவாட் வீட்டில் இது கட்டுபடியாகாது. பார்ட்டி இரண்டு கொட்டேஷனைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும், நம்முடையது கீழே போய்விடும். போர்டு வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தால் காத்திருப்பும் நீளும். ரைஸ் மில், திருமண மண்டபம், பள்ளிக்கூடம் என்று 20, 30 கிலோவாட்டுக்கு மேல் போகும்போது, ஒரு நாள் நின்றாலும் நஷ்டம் பெரியது. அங்கே இதை எடுத்துப் பேசலாம்.

மூன்றாவது: ஆளை வீட்டுக்கு அனுப்பும் நம்மூர் வகை

யுபிஎஸ், பேட்டரி, ஸ்டெபிலைசர் விற்றுப் பழகிய இந்தியக் கம்பெனிகள் சோலாருக்கும் வந்துவிட்டன. இவர்களுக்கு மாவட்டத் தலைநகரில் ஒரு சர்வீஸ் ஆள், ஒரு சின்ன அறை, கொஞ்சம் உதிரி பாகங்கள் இருக்கும். டோல் ஃப்ரீ நம்பரில் தமிழில் பேசலாம். இது சாதாரண விஷயம் இல்லை. பார்ட்டியே நேராகக் கூப்பிட்டுக் கம்ப்ளெய்ண்ட் பதிவு செய்துவிடலாம். நாம் நடுவில் போஸ்ட்மேன் வேலை பார்க்க வேண்டாம்.

குறை இல்லாமல் இல்லை. வருகிற ஆள் பேட்டரி இன்வெர்ட்டர் பழகியவராக இருப்பார். 'ஐசோலேஷன் ஃபால்ட்' (கரண்ட் எர்த்துக்குக் கசிகிறது என்ற பிழை) என்று வந்தால் பெட்டியைச் சந்தேகப்படுவார். உண்மையில் கூரையில் கேபிள் தோல் உரிந்து பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரில் பட்டுக்கொண்டிருக்கும், அல்லது பேனல் கேபிள்களை இணைக்கும் எம்சி4 கனெக்டருக்குள் தண்ணீர் இறங்கியிருக்கும். மழை பெய்த மறுநாள் காலையில் மட்டும் வந்து, வெயில் ஏறியதும் மறைந்துவிடுகிற பிழை என்றால் பெட்டியைத் திறக்காதீர்கள், மேலே ஏறிக் கனெக்டரைப் பாருங்கள். அதை நாம்தான் அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, இவற்றில் சில வெளியே பிராண்ட் நம்மூர், உள்ளே சரக்கு சீனம். அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை. ஆனால் உதிரி எங்கே இருந்து வருகிறது என்று கேட்டுவிட வேண்டும்.

நான்காவது: மைக்ரோ இன்வெர்ட்டர்

பேனலுக்கு அடியிலேயே ஒவ்வொன்றாக மாட்டுவது. வாரண்டி காலம் இதில்தான் மிக நீளம். எந்த நாட்டில் என்பதைப் பொறுத்து 25 வருடம் வரைக்கும்கூட. ஒன்று போனாலும் மற்றவை ஓடும், அதனால் பார்ட்டியின் கோபம் குறைவு. நிழல் விழும் கூரைக்கு நல்லது.

நம் பக்கம் இருந்து பார்த்தால் கணக்கு வேறு. கெட்டுப்போகும் பொருள் சுவரில் இல்லை, கொதிக்கும் கூரையில், பேனலுக்கு அடியில். ஒன்றை மாற்றப் பேனலைக் கழற்ற வேண்டும். எட்டாவது வருடம் அந்த வேலைக்குக் கூலி யார் தருவது? பத்திரத்தில் பதில் இல்லை. நீளமான வாரண்டி என்றால், நீளமான காலத்துக்கு நமக்குக் கூலியில்லா வேலை என்றும் அர்த்தம். பார்ட்டியிடம் ஆரம்பத்திலேயே, 5 வருடத்துக்கு மேல் கூலி தனி என்று எழுதி வாங்கிக்கொண்டால் ஒழிய, நான் இதில் கை வைக்க மாட்டேன்.

கம்பெனியே போய்விட்டால்?

வருடக் கணக்கை நம்பாதே என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. பவர் ஒன் என்ற அமெரிக்க இன்வெர்ட்டர் கம்பெனியை 2013-இல் சுவிட்சர்லாந்தின் மின்சாதனக் கம்பெனியான ஏபிபி சுமார் 100 கோடி டாலருக்கு வாங்கியது. பெங்களூரில் ஏபிபி இன்வெர்ட்டர் உற்பத்தியும் நடந்தது. 2019-இல் அந்தத் தொழிலையே வேண்டாம் என்று முடிவு செய்து, இத்தாலியின் ஃபிமருக்குக் கைமாற்றியது. 2020-இல் ஒப்படைப்பு முடிந்தது. விற்றது என்று சொல்வதுகூடத் தப்பு. எடுத்துக்கொண்டவருக்கு ஏபிபிதான் பணம் கொடுத்தது. அந்த ஃபிமர் 2022-இல் கடன் சிக்கலில் இத்தாலி நீதிமன்றத்துக்குப் போய், பிறகு வேறு கைக்கு மாறியது. ஏபிபி என்ற பெயரை நம்பி 10 வருடத் திட்டம் போட்டவர்கள், அந்த 10 வருடம் முடிவதற்குள் இத்தனை கதவுகளைத் தட்ட வேண்டியதாயிற்று.

எல்ஜி 2022 பிப்ரவரியில் பேனல் தொழிலை விட்டு விலகுவதாக அறிவித்தபோது, விற்ற பேனல்களுக்கு ஆதரவு தொடரும் என்றும் சொன்னது. அப்படிச் சொல்ல முடிந்தது, டிவி, ஃபிரிட்ஜ் என்று வேறு வியாபாரம் நிற்பதால். சோலாரை மட்டுமே நம்பி, நேற்று முளைத்து, 25 வருடம் என்று அட்டை அடித்துத் தருகிறவர்களிடம் அந்தத் தெம்பை எதிர்பார்க்க முடியாது.

பேனல் என்று வந்ததால் சுருக்கமாக ஒன்று. பேனலில் இரண்டு வாரண்டி: பொருளுக்கு 10, 12 வருடம், உற்பத்தித் திறனுக்கு 25 அல்லது 30 வருடம். இரண்டாவதைக் கேட்டு ஜெயித்தவரை நான் பார்த்ததில்லை. திறன் குறைந்தது என்று லேபில் நிரூபிக்க வேண்டும், அளவைப் பிழைக்கென்று 3 சதவீதம் வரை விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கும், பேனலைக் கழற்றி அனுப்பும் செலவு நம்முடையது. அப்படியே ஜெயித்தாலும் மாற்றுப் பேனல் பொருந்தாது. 2018 வாக்கில் போட்ட 330 வாட் பேனல் ஏறக்குறைய இரண்டு மீட்டருக்கு ஒரு மீட்டர். இன்றைய 550 வாட் பேனல் 2278-க்கு 1134 மில்லிமீட்டர். பழைய ஸ்ட்ரக்சரில் உட்காராது, கரண்டும் ஒத்துப்போகாது. இதனால்தான் பெரிய வேலைகளில் அதே பேட்ச்சில் ஒன்றிரண்டு பேனலைக் கூடுதலாக வாங்கி, பார்ட்டி வீட்டிலேயே வைத்துவிடச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பார்ட்டி நுகர்வோர். மாவட்ட ஆணையத்தில் தயாரித்தவர், விற்றவர் இருவர் மீதும் வழக்குப் போடலாம். நாம் வியாபாரத்துக்காக வாங்கியவர்கள். அந்தக் கதவு நமக்குத் திறக்காது. கம்பெனி மீது நம் குறையை அங்கே கொண்டுபோக முடியாது, ஆனால் பார்ட்டி நம்மை அங்கே நிறுத்தலாம். அதனால் கம்பெனியோடு நடக்கும் பேச்சு போனில் மட்டும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் மெயில், டிக்கெட் நம்பர், தேதி. பார்ட்டியையும் அதில் சேர்த்துவிடுங்கள்.

எதை எடுப்பது

கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களில் 3 கிலோவாட் மானிய வேலைக்கு என் முதல் தேர்வு மூன்றாவது வகை, அதுவும் அந்த மாவட்டத்தில் நிஜமாகவே ஆள் இருந்தால். ஆர்டர் போடுவதற்கு முன் டோல் ஃப்ரீ நம்பருக்கு நீங்களே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள். மதியம் இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் எவ்வளவு நேரத்தில் எடுக்கிறார்கள் என்பதே பாதி பதில். ஆள் இல்லாத ஊரில் முதல் வகை, ஆனால் கையில் மாற்றுச் சரக்கு வைத்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டரிடம் மட்டும். 'மாற்று 3 நாளில்' என்பதை பில்லிலேயோ மெயிலிலேயோ எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவர் 500 ரூபாய் குறைத்தாலும் வேண்டாம்.

கடற்கரை ஊர்களில், உவரி, மணப்பாடு மாதிரி இடங்களில், எந்த வகை என்பதைவிட எங்கே மாட்டுகிறோம் என்பது முக்கியம். சில கம்பெனிகள் கடலுக்கு இத்தனை மீட்டருக்குள் மாட்டினால் வாரண்டி இல்லை என்று எழுதிவைத்திருக்கின்றன. அதைத் தேடிப் படித்துவிடுங்கள். வீட்டுக்குள், படிக்கட்டுக்கு அடியில் மாட்டினால் உப்புக் காற்றும் படாது. கேபிள் நுழையும் துளையை கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கி அடைக்கும் மூடி) போட்டு இறுக்குங்கள். பல்லி உள்ளே போய் போர்டில் கருகிக் கிடந்தால், அதுவும் வாரண்டியில் வராது.

த்ரீ ஃபேஸ், 20 கிலோவாட்டுக்கு மேல் என்றால் இரண்டாவது வகைக்கு ஒரு கொட்டேஷன் சேர்த்துக் கொடுங்கள். அல்லது தமிழ்நாட்டில் சொந்த சர்வீஸ் குழு வைத்திருக்கும் பெரிய சீனக் கம்பெனி. மைக்ரோ, நிழல் உள்ள வீட்டுக்கு மட்டும்.

எந்த வகையை எடுத்தாலும் இரண்டு செலவைக் கொட்டேஷனில் ஏற்றியே ஆக வேண்டும். இன்வெர்ட்டரின் ஏசி பக்கம் வரும் பாதுகாப்புப் பெட்டியான ஏசிடிபியில் நல்ல சர்ஜ் அரெஸ்டரோடு ஓவர் வோல்டேஜ் கட் ஆஃப் ரிலே ஒன்று. நியூட்ரல் போகும்போது காப்பாற்றுவது அதுதான், சர்ஜ் அரெஸ்டர் மட்டும் போதாது. அப்புறம் வேலைக்கு 1,000 ரூபாய் என்று ஒதுக்கி, 30 வேலை சேர்ந்ததும் அந்தப் பணத்தில் 3 கிலோவாட் இன்வெர்ட்டர் ஒன்றை வாங்கிக் கடையிலேயே வையுங்கள். கம்ப்ளெய்ண்ட் வந்த அன்றே அதைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு, கெட்டதைக் கம்பெனிக்கு அனுப்பலாம். அனுமதித்த கொள்ளளவு மாறாமல் இருக்க வேண்டும். மாட்டியதை ஈபி ஆபீசுக்கு எழுதியும் கொடுத்துவிடுங்கள். கம்பெனி 40 நாள் எடுத்துக்கொள்ளட்டும், பார்ட்டி வீட்டில் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும்.

இதையெல்லாம் ஏற்றினால் கொட்டேஷன் 2,000, 3,000 ரூபாய் கூடும். சில வேலை கைவிட்டுப் போகும், பக்கத்து ஊர்க்காரர் குறைத்துப் போட்டு எடுத்துவிடுவார். போகட்டும். அவர் போட்ட வீட்டிலிருந்து மூன்றாவது வருடம், 'அண்ணே, அவர் போன் எடுக்க மாட்டேங்கறார், நீங்க வந்து பார்க்க முடியுமா' என்று கூப்பிடுவார்கள். அதற்கு என்ன கட்டணம் வாங்குவது என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.